உயிரோடு இருப்பவருக்கு மாலை

பிரிக்பீல்ட்ஸில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நான் வேலை பார்க்கும் ஸ்டுடியோவுக்குள் நுழைகிறவர் சீனரோ, மலாய்க்காரரோ, நம்மவரோ, என் கையில் கேமராவைக் கண்டதும் ‘பாஸ்’ என்றுதான் ஆரம்பிப்பார். வந்த புதிதில் யாராவது ‘பாஸ்’ என்றால் முதலாளி வந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்ப்பேன். இங்கே மீ கோரிங் நூடுல்ஸ் கிண்டுகிறவரும் பாஸ், கார் நிறுத்த இடம் காட்டுகிறவரும் பாஸ். எல்லோரும் பாஸாக இருக்கிற ஊரில் பெயருக்கு வேலையே இல்லை என்று நிலக்கோட்டையில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன். “அதுவும் நல்லதுதான், கண்ணு படாது” என்றாள். எனக்கு அது நல்லதாகப் படவில்லை. என் பெயர் பாண்டிச்செல்வி. ஊரே நின்று பார்க்கிற ஒரு படத்துக்குக் கீழே அந்தப் பெயர் இருக்க வேண்டும் என்பது கல்லூரி நாளிலிருந்து எனக்குள்ள ஆசை. அந்த ஆசையால் எனக்கு வந்த பொறாமையைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

ஸ்டுடியோவில் என் வேலை பெரும்பாலும் பாஸ்போர்ட் படம். பின்னணி வெள்ளை என்பதால் வெளிர் நிறச் சட்டையோடு வருகிறவர்கள் போட்டுக்கொள்ள ஒரு கறுப்புக் கோட்டு ஆணியில் தொங்கும். வார இறுதியில் கல்யாணங்களும் காதுகுத்துகளும் இருக்கும். சோறு போடுகிற வேலை, அதன்மேல் எனக்குப் புகார் இல்லை. ஆனால் ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் கேமராவைத் தூக்கிக்கொண்டு நான் தெருவில் திரிவதற்குக் காரணம் வேறு. என்னைத் தெருவுக்குத் துரத்தியவர்கள் எல்லோருமே வம்புக்காரக் கலைஞர்கள். பார்க்கிறவர் தொண்டையில் முள் சிக்கும்படி எதையாவது செய்துவிட்டு, ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள். அழகான படம் ஒன்றைப் பார்த்தால் ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுவேன். வம்பான ஒன்றைப் பார்த்தால் மட்டும் ‘இது எனக்கு ஏன் தோன்றாமல் போனது’ என்று வயிறு எரியும். நான் எடுத்த நல்ல படங்கள் எல்லாம் அந்த எரிச்சலில் வெந்தவைதான்.

முதலில் என் வயிற்றை எரித்தவன் எட்வின். தமிழ்நாட்டில் ஓவியக் கல்லூரியில் என்னோடு படித்தவன். ஆண்டு விழாவுக்கு வந்த பெரிய மனிதர்களுக்கு டீ கொடுக்கும் பொறுப்பை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். முன்வரிசைக்கு டீ வந்தது, தேங்காய்ச் சிரட்டையில். பின்னால் இருந்த மாணவர்களுக்குக் கண்ணாடி டம்ளரில். ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. சிரட்டையில் யாருக்கு டீ ஊற்றிய ஊர்கள் நம்முடையவை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; அந்த முன்வரிசைக்கும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒருவர் கையில் சிரட்டை நடுங்கியது. அந்த நடுக்கத்தைப் படமெடுத்தவள் நான். மறுநாள் அது பத்திரிகையில் வந்தபோது கீழே எட்வினின் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. அவனைச் சில மாதங்கள் கல்லூரியிலிருந்து நீக்கி வைத்தார்கள். அவனுக்காக அழுதேன், அது உண்மை. என்னை யாரும் நீக்கவில்லையே என்று பொறாமைப்பட்டேன், அதுவும் உண்மை. எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரிலும் ஒரு சிரட்டை கவிழ்ந்து கிடக்கும். நான் அதைத் தினமும் பார்த்து வளர்ந்தவள், எட்வின் அப்படிப்பட்ட ஒன்றில் குடித்து வளர்ந்தவன். பார்த்தவளுக்குத் தோன்றாதது குடித்தவனுக்குத் தோன்றியது நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தால் மட்டும் பொறாமை அடங்கிவிடுகிறதா என்ன?

கல்யாணமாகி இங்கே வந்தேன். கணவர் சரவணன் பூச்சோங்கில் பிறந்து வளர்ந்தவர், ஏர்கான் பழுது பார்க்கிறவர், என் கேமரா பையைச் சலிக்காமல் தூக்கி வருகிறவர். கடல் தாண்டிவிட்டோம், இனி வம்புக்காரர்கள் தொல்லை இல்லை, நான் பாட்டுக்கு மாலை மாற்றுவதையும் மெட்டி போடுவதையும் எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தேன். அந்த நிம்மதி தீபாவளிக்கு முந்தைய ஒரு மதியம் கிள்ளானில் போயிற்று. லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் வழக்கம்போலப் பொம்மைகள் நின்றிருந்தன. நம் புடவைக் கடைப் பொம்மைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள், எல்லாவற்றுக்கும் வெள்ளைக்காரி முகம், கூர்மூக்கு, நீலக் கண். அந்த வரிசையில் ஒரு பொம்மை மட்டும் என்னைப் போலக் கறுப்பாக இருந்தது. கழுத்தில் ‘தொடாதீர்’ என்று அட்டை. அட, இப்படியும் செய்ய ஆரம்பித்துவிட்டார்களே என்று கிட்டே போனேன். பொம்மை கண் சிமிட்டியது.

அவள்தான் யோகேஸ்வரி. கிள்ளானிலேயே பிறந்தவள், என்னைவிட இளையவள். கடைக்காரரிடம் பேசி அனுமதி வாங்கி அந்த மதியம் முழுக்க அசையாமல் நின்றாள். உள்ளே வந்தவர்கள் வெள்ளைப் பொம்மைகளைத் தொடவில்லை, இவளை மட்டும் கன்னத்தைக் கிள்ளியும் கையைத் தடவியும் பார்த்தார்கள். ஒரு ஆன்டி, “என்னா இது, இந்தக் கலர்லே பொம்மை செஞ்சா யாரு சேலை வாங்குவா?” என்று கடைக்காரரைத் திட்டினார். யாரோ புகார் சொல்லிப் போலீஸ் வந்து விசாரித்தது. யோகேஸ்வரி புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு அவர்களோடு நடந்து போனாள், சாயங்காலமே சிரித்துக்கொண்டு திரும்பி வந்தாள். நான் அந்தக் கடையில் எத்தனை முறை புடவை எடுத்திருக்கிறேன்! அந்தப் பொம்மைகளின் மூக்கை ஒருநாளாவது கவனித்திருக்கிறேனா? அன்று எடுத்த படங்களை அவளுக்கு அனுப்பினேன். “அக்கா, நீங்க எடுத்தாதான் நான் செய்றது எனக்கே தெரியுது லா” என்று பதில் வந்தது. அதிலிருந்து அவள் வம்புகளையெல்லாம் நான்தான் படம் எடுத்தேன். அவளைப் பார்த்துப் பார்த்து என் தெருப் படங்களும் மாறின, மூக்குகள் கண்ணில் பட ஆரம்பித்தன. அவளுக்கு நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் நான் பற்களைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் அவள் ஒரு யோசனையோடு வந்தாள். இதே மண்ணில் பிறந்தும் ஐசி இல்லாத நம் ஆட்கள், அதாவது அடையாள அட்டை கிடைக்காத ஆட்கள், இன்னமும் இருக்கிறார்கள். தோட்டத்தில் பிறந்தபோது பதிவு செய்யாமல் விட்டது, பெற்றவர்களிடம் தாள் இல்லாதது என்று ஆளுக்கொரு காரணம். அப்படிப்பட்டவர்களின் முகங்களைப் பெரிது பெரிதாக மாட்ட வேண்டும் என்றாள். நான் எடுத்தேன். முதலில் வந்து உட்கார்ந்தவர் முனியாண்டி அங்கிள். கிள்ளானில் லோரியில் சாமான் ஏற்றி இறக்குகிறவர். எப்படி வேண்டுமானாலும் உட்காருங்கள் என்றேன். முதுகை நிமிர்த்தி, முடியைத் தண்ணீர் தொட்டு ஒதுக்கி, இரண்டு காதும் தெரிகிறதா என்று கேட்டுவிட்டு, சிரிக்காமல் கேமராவைப் பார்த்தார். எடுத்து முடித்ததும், “பாஸ், இந்தப் படம் ஐசிக்கு ஆகும்தானே?” என்றார். இது கண்காட்சிக்கு என்று யோகேஸ்வரி ஏற்கெனவே விளக்கியிருந்தாள். அவரும் தலையாட்டியிருந்தார். இருந்தாலும் ஒரு நப்பாசை. நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

படங்கள் எல்லாம் வந்தபின் யோகேஸ்வரி திருப்தியாக இல்லை. ரொட்டி சானாய் கடையில் உட்கார்ந்து, “நல்லாத்தான் இருக்கு, ஆனா சும்மா முகம்தானே. வர்றவங்க ‘ஐயோ பாவம்’னு சொல்லிட்டு மக்கான் சாப்பிடப் போயிடுவாங்க” என்று அலுத்துக்கொண்டாள். காலையிலிருந்து அவள் புலம்பலைக் கேட்டு எனக்கும் சலித்துப் போயிருந்தது. “தாள் இல்லாதவங்க செத்தவங்க கணக்குத்தானே? மாலையைப் போட்டு விளக்கை ஏத்தி வெச்சிடு, முடிஞ்சுது” என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது. என்னைப் பார்த்த பார்வையில் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கே புரிந்தது. உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போடுவது நம்மிடையே எப்பேர்ப்பட்ட காரியம் என்று உங்களுக்குத் தெரியும். விளையாட்டுக்குப் போட்டாலும் வீட்டில் செருப்பு பறக்கும். வாழ்க்கையில் முதன்முறையாக வம்பு எனக்குத் தோன்றியிருந்தது. எனக்கு! “அக்கா, இதை நான் செய்யட்டா?” என்று கேட்டாள். சரி என்றேன். அந்த நிமிடம் பெருமையாக இருந்தது, பாதி ரொட்டியை அவளுக்கே கொடுத்தேன்.

அவள் ஒவ்வொருவரிடமும் போய் ஒளிக்காமல் சொல்லிச் சம்மதம் வாங்கினாள். சிலர் பயந்து மறுத்தார்கள், அவர்கள் படங்களை வரிசையிலிருந்து நீக்கிவிட்டோம். முனியாண்டி அங்கிள் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். “போடும்மா, தாராளமாப் போடு. செத்தாலாவது ஒரு சர்டிபிகேட் கொடுப்பாங்கல்லே?” என்றார்.

பிரச்சினை என் வீட்டில் வந்தது. என் விசா மனைவி விசா. புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் சரவணன் வேலையை விட்டுவிட்டு என்னோடு இமிகிரேஷனுக்கு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, இவள் என் மனைவிதான் என்று கையெழுத்துப் போட வேண்டும். வேலை செய்ய எனக்கு அனுமதி உண்டு. வம்பு செய்ய உண்டா என்று யாரிடம் போய்க் கேட்பது? சரவணன் கோபப்படவில்லை, கெஞ்சினார். “அடுத்த மாசம் விசா, செல்வி. கவுண்டர்லே ஒருத்தன் உன் பேரைத் தட்டிப் பார்த்துட்டான்னா என்னா செய்றது? படம் எடு, வேணாங்கலே. பேரு மட்டும் வேணாம் லா.” அவர் சொன்னதில் தப்பில்லை. பேர் போட வேண்டாம் என்று நானே யோகேஸ்வரிக்குச் சொன்னேன். “ஓகே அக்கா, கவலைப்படாதீங்க” என்றாள், ரொம்பச் சுலபமாக.

அந்தச் சுலபம்தான் என்னைக் குடைந்தது. போலீஸ் கூப்பிட்டால் அவள் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு போய்விட்டு வருவாள், ஏனென்றால் அவள் பையில் குடிமக்களுக்குக் கொடுக்கிற நீல ஐசி இருக்கிறது. அவளை என்ன திட்டினாலும் கிள்ளானிலிருந்து எங்கே அனுப்புவார்கள்? என்னை அனுப்புவதற்கு ஒரு நாடே இருக்கிறது. எட்வினுக்கும் அப்படித்தான், கல்லூரியை விட்டுத் துரத்தினார்கள், ஊரை விட்டு அல்ல. கல்லெறிகிறவனுக்கு ஓடிப்போய்ப் புகுந்துகொள்ள ஒரு வீடு வேண்டும். நிலக்கோட்டையில் எனக்கு வீடு இருந்தபோது எறியத் தோன்றவில்லை. இங்கே தோன்றியபோது நான் இருப்பது வாடகை வீடு. முனியாண்டி அங்கிளிடம் என் பாஸ்போர்ட்டைக் காட்டினால் அவர் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுவார் என்பதும் தெரியும். ஆனால் பொறாமை கீழே குனிந்து பார்க்குமா? அண்ணாந்தே பார்த்துக் கழுத்து வலிக்க நிற்கும்.

கண்காட்சிக்கு மாலை வாங்க பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைக்கு அவளோடு நானும் போனேன். சம்பங்கி மாலைகள், படத்துக்குப் போடுகிற அளவில், அத்தனையையும் ஒரே நாளில் கேட்டதும் பூக்கார அண்ணன் கட்டுவதை நிறுத்திவிட்டார். “என்னா அக்கா, பஸ் ஆக்சிடென்டா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். யோகேஸ்வரி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினாள். நான்தான் நின்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பூ மார்க்கெட் ஊரில் பிறந்தவள் நான், மாலையைத் தொட்டாலே அது கல்யாணத்துக்கா, சாமிக்கா, சாவுக்கா என்று சொல்லிவிடுவேன். மாலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட அவளுக்குத் தெரியாது. பேர் மட்டும் அவளுக்கு. நோகாமல் நுங்கு தின்கிறாள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே மாலைப் பைகளைக் காரில் ஏற்றினேன்.

திறப்பு நாள் கிள்ளானில், மோட்டார் சைக்கிள் சாமான் கடைக்கு மேலே ஒரு பழைய கடைவீட்டு மாடியில். பேர் இல்லாதவள் கேமராவோடு எதற்கு என்று வெறுங்கையோடு போனேன். சுவர் நிறைய முகங்கள், ஒவ்வொன்றின் மேலும் சம்பங்கி, கீழே விளக்கு. நுழைந்தவர்கள் செருப்பைக் கழற்றினார்கள், குரலைத் தாழ்த்தினார்கள், ஒருவர் கும்பிட்டேவிட்டார். அப்புறம் அதே முகங்கள் கூட்டத்தில் உயிரோடு நின்று தேநீர் குடிப்பதைப் பார்த்ததும் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். என் வம்பு வேலை செய்தது. எல்லோரும் யோகேஸ்வரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கடைசிச் சுவருக்குப் போனபோதுதான் அதைக் கவனித்தேன். அங்கே ஒரு சட்டம், உள்ளே படம் இல்லை, வெறும் வெள்ளைத் தாளும் கண்ணாடியும். அதற்கும் சம்பங்கி மாலை, அதற்கும் விளக்கு. கீழே ‘படம் எடுத்தவர்’ என்று ஒரு சீட்டு.

கண்ணாடியில் என் முகம் மங்கலாகத் தெரிந்தது, மாலைக்கு நடுவே. எனக்கு முதலில் வந்தது கண்ணீர் அல்ல, ஆத்திரம். அது எவ்வளவு நன்றாக இருந்தது என்பதால் வந்த ஆத்திரம். என் யோசனையை எடுத்துக்கொண்டாள், போகட்டும். என் பயத்தையும் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டிவிட்டாளே! பக்கத்தில் நின்ற ஒரு பெண், “பாவம், இவங்களுக்கும் ஐசி இல்லே போல” என்றாள். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

அப்போது படியில் சத்தம். முனியாண்டி அங்கிளின் மனைவி லெட்சுமி ஆன்டி மூச்சுவாங்க மேலே வந்துகொண்டிருந்தார். விஷயத்தை மனிதர் வீட்டில் சொல்லவே இல்லை. யாரோ போனில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கணவரின் படத்துக்கு எதிரே போய் நின்றார். “தாலி கட்டிக்கிட்டவ உயிரோட இருக்கேன், என்னைக் கேட்டீங்களா?” என்று ஒரே கேள்வி, யாரைப் பார்த்தும் இல்லாமல். யோகேஸ்வரி முன்னால் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆன்டி அவளை ஒதுக்கிவிட்டு, எம்பி அந்த மாலையை உருவினார். கையில் தேநீர்க் குவளையோடு திருதிருவென்று விழித்த கணவரிடம் நேராகப் போய், அவர் கழுத்தில் போட்டார். “இது கழுத்துக்குப் போடுறது” என்றார்.

கூட்டம் கைதட்டியது. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். ஆன்டிக்கு அந்தக் கைதட்டல் புரியவில்லை, பயந்துபோய்க் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கிள் மாலையோடு, மாப்பிள்ளை போல, வெட்கப்பட்டார். எல்லோருடைய போனிலும் அந்தப் படம் விழுந்தது, என்னிடம் மட்டும் இல்லை. கழுத்தில் இல்லாத கேமராவை என் கை தேடியது. யோகேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் இருந்ததை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். அது எனக்கு நன்றாகப் பழகிய முகம்தான், எட்வினின் சிரட்டையைப் பார்த்தபோது என்னிடம் இருந்திருக்கும். இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அவள் வயிறு எரிந்துகொண்டிருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

நான் கடைசிச் சுவருக்குப் போய் என் சட்டத்திலிருந்து மாலையைக் கழற்றினேன். யோகேஸ்வரி ஓடி வந்தாள். “அக்கா, என்னா செய்றீங்க, ஷோ இன்னும் முடியலே லா!”

“இது என்னோடது” என்றேன்.

“அப்போ பேரு போட்டுடவா?”

அவள் கேலியாகக் கேட்கவில்லை. பேனா அவள் கையில் இருந்தது. நான் மாலையோடு படி இறங்கினேன்.

கீழே காத்திருந்த சரவணன் மாலையைப் பார்த்தார், காரைக் கிளப்பினார். பூச்சோங் வரும்வரை காருக்குள் சம்பங்கி வாசம் மூச்சை அடைத்தது. வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, “அதை மட்டும் உள்ளே கொண்டாராதே” என்று சொல்லி அவர் வீட்டுக் கதவைத் திறக்கப் போனார். அதுவும் சரிதான், படத்து மாலையை யார் வீட்டுக்குள் கொண்டு போவார்கள்? ஊராக இருந்தால் ஆற்றிலோ கிணற்றிலோ விட்டுவிடலாம். இங்கே எங்கே விடுவது? குப்பைத் தொட்டியில் போடக் கை வரவில்லை. லெட்சுமி ஆன்டிக்குப் போட ஒரு கழுத்து இருந்தது. நான் என் கழுத்திலேயே போட்டுக்கொண்டேன். ஈரம் சில்லென்று பட்டது. வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. போனை எடுத்து, காது இரண்டும் தெரிய, சிரிக்காமல் ஒரு படம் எடுத்தேன்.

நல்ல படம். தொழிலில் இத்தனை வருடம் இருக்கிறவளுக்கு அது தெரியாமல் போகாது. என் யோசனை, என் முகம், என் கை, யாருக்கும் இதில் பங்கில்லை. இதை அம்மாவுக்கு அனுப்பினால் நிலக்கோட்டையில் சாவு விழுந்தது போல அலறுவாள். இங்கே யாரிடம் காட்டினாலும் பார்த்தவுடன் யோகேஸ்வரியின் வேலை என்பார்கள். பாண்டிச்செல்வியின் வேலை என்று சொல்லக்கூடிய ஒருவர் இரண்டு ஊரிலும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. சரவணன் வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினார். அவரைப் பார்க்க நான் திரும்பியபோது அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.